அரைக் கட்டை ஏறிய குரல்

ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் எனக்கு மரியாதை கிடையாது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த ரகம்தான். அதனால் மரியாதை இல்லாமலேயே நாள் முழுக்கச் சிரித்துப் பேசப் பழகிக்கொண்டேன்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் என் அறை இருக்கிறது. வீடியோக்களை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. பழைய டேப்பில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவேன், கைபேசியில் எடுத்ததை டிவியில் ஓடும்படி செய்வேன். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்யவும் செய்கிறார்கள். செய்து முடித்த பிறகு படம் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாகப் போய்விடும். அப்போதுதான் என் ஞாபகம் வரும். படியேறி வந்து, மூச்சு வாங்கி, எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். "சின்ன ப்ராப்ளம்தான் லா, சிங்க் போயிடுச்சு."

ஒரு கல்யாண வீடியோ வந்தது. ஐயர் கையை உயர்த்துகிறார், தாலி ஏறுகிறது, அட்சதை விழுகிறது, மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டுவிட்டு நெற்றி வியர்வையைத் துடைக்கும்போது கெட்டிமேளம் கொட்டுகிறது. அதைக் கொண்டுவந்தவர் கல்யாணப் பெண்ணின் அண்ணன். "மேளத்த கொஞ்சம் முன்னாடி தள்ளினா போதும்" என்று எனக்கு வழி சொல்லிக்கொடுத்தார். முன்னால் தள்ளினால் அந்த இடம் சரியாகிவிடும், ஊர்வலம் கெட்டுவிடும். சத்தம் தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகியிருந்தால் தள்ளலாம். போகப்போக விலகினால் தள்ளி என்ன பயன்? ஆனால் இவர்கள் முதல் நிமிடத்தைப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று ஊரெல்லாம் அனுப்பிவிடுவார்கள். வாய் மூடியிருக்கும்போது மாமா வாழ்த்துச் சொல்வதை எல்லோரும் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார்கள். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இந்தத் தொழிலில் மிஞ்சிய ஞானம் இதுதான்.

போன வருடம் வந்த ஒருவர் இந்தக் கூட்டத்துக்கே தலைவராக இருக்கத் தகுதியானவர். நாற்பது வயதைத் தாண்டியவர், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. உட்காருவதற்கு முன்னாலேயே தான் ஐடியில் பெரிய பொறுப்பில் இருப்பதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

"சிஸ்டர், இது எங்கப்பா பாட்டு. நான் சின்னப் பையனா இருந்தப்ப கோயில்ல பாடினது. அவர் இப்ப இல்ல. கோவிட் டைம்ல வீட்லதானே இருந்தோம், நானே டேப்ல இருந்து கன்வர்ட் பண்ணேன். ஸ்டார்ட் ஓகே, எண்ட் ஓகே. நடுவுலதான் வாய் ஒட்டல."

"டேப்ப கொண்டு வந்தீங்களா?"

"அத எதுக்கு வச்சுக்கிட்டு? கன்வர்ட் ஆனதும் குப்பைச் சூட்ல போட்டுட்டேன்."

அடுக்குமாடி வீட்டின் குப்பைத் துவாரத்தில் அப்பாவின் குரலைப் போட்டுவிட்டு வந்தவர், அதே குரலைச் சரிசெய்யச் சொல்லி என் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கோப்பைத் திறந்து ஓடவிட்டேன். வெள்ளிக்கிழமை பஜனை போல் இருந்தது. நெற்றி நிறைய திருநீறு, கையில் ஜால்ரா, மார்பு வரைக்கும் தெரியும் ஒரு மனிதர். பக்கத்தில் யாரோ ஹார்மோனியம் வாசிக்கிறார்கள், வாசிப்பவர் மேல் கேமராவுக்கு அக்கறை இல்லை, படத்திலேயே வரவில்லை. படத்தில் கைகள் கொஞ்சம் வெட்டி வெட்டி நகர்ந்தன. குரல் மெலிந்து, அவசரப்பட்டுக்கொண்டு ஓடியது.

"முதல்லயே இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல இல்ல. முதல்ல அப்பா பாடி முடிச்சு வாய மூடின பிறகும் பாட்டு போய்க்கிட்டே இருந்துச்சு. ஆன்லைன்ல பார்த்தேன். ஆடியோவ கொஞ்சம் ஸ்பீட் பண்ணேன், ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிடுச்சு. ஈஸி."

"எவ்வளவு ஸ்பீட் பண்ணீங்க?"

"ஞாபகம் இல்ல. கொஞ்சம்தான்."

"பழைய ஃபைல் இருக்கா?"

"டெலீட் பண்ணிட்டேன். ரெண்டு ஃபைல் எதுக்கு?"

நடந்தது இதுதான். டேப்பிலிருந்து எடுக்கும்போது அவருடைய கம்ப்யூட்டர் தடுமாறி, அங்கங்கே படத்துண்டுகளை விழுங்கிவிட்டது. அதனால் படம் குட்டையாகிவிட்டது. ஒலி மட்டும் முழுசாக, ஒழுங்காக வந்திருக்கிறது. கெட்டுப்போன படத்தோடு பொருந்தவில்லை என்பதற்காக, நல்லபடியாக இருந்த ஒலியை இவர் விரட்டி ஓடவைத்திருக்கிறார். சட்டை சின்னதாகிவிட்டது என்று கையை வெட்டிக்கொண்ட மாதிரி. ஒலியை இப்படி வேகப்படுத்தினால் குரலும் மேலே ஏறிவிடும். ஏறிய குரலுக்குச் சொந்தக்காரர் வேறு யாரோ ஆகிவிடுகிறார்.

இதை விளக்க வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் இன்னொரு உதவி வேண்டும் என்றார்.

"அப்பா திதிக்கு ஃபேமிலி எல்லாம் வருவாங்க. சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, இத டிவியில போடுவோம். அம்மா மட்டும் எந்திரிச்சு கிச்சனுக்குப் போயிடுவாங்க. இது அவர் குரல் இல்லன்னு சொல்றாங்க. எல்லா வருஷமும் இதே கதை. சொந்தப் புருஷன் குரலே தெரியல சிஸ்டர். மெமரி கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் எடுத்துட்டேன். கேலாங்ல தனியா இருக்காங்க, இனிமே விட முடியாது. அந்த வீட்ட வித்துட்டு செங்காங்ல எங்ககூட வந்துடட்டும். ரூம்கூட ரெடி."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"வரமாட்டேங்கறாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன். வாய மட்டும் ஒட்ட வச்சு, இதுதான் ஒரிஜினல் வாய்ஸ்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க ப்ரொஃபெஷனல், ஒத்துக்குவாங்க."

எனக்குக் கோபம் வருவது புதிதல்ல. ஆனால் அன்று வந்த கோபத்தில் ஓடிக்கொண்டிருந்த கோப்பை மூடிவிட்டேன். இந்த மனிதர் தன் கையால் ஒரு குரலைக் கெடுத்திருக்கிறார். அது கெட்டுவிட்டது என்று கண்டுபிடித்த ஒரே ஆள் அவர் அம்மா. அதற்குத் தண்டனையாக அந்த அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது என்று எழுதி வாங்கி, வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார். இவ்வளவையும் அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், அதுதான் இன்னும் மோசம். கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு, அம்மாவை வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு கேலாங் வீட்டுக்குப் போனேன். மகன் முன்னதாகவே வந்து சோபாவில் கைபேசியோடு கிடந்தார். அவருடைய அம்மா பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்த விதத்திலேயே அது தெரிந்தது. என் செருப்பு கோணலாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து நேராக்கி வைத்தேன்.

"உள்ள வாம்மா. நீதான் அவரோட குரல் இதுதான்னு சொல்ல வந்த பொண்ணா?"

"இல்ல ஆன்ட்டி. எது அவர் குரல்னு கேக்க வந்தேன்."

மகன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். அம்மா எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஹார்மோனியம் தனியாக நின்று ஒலிக்கும் இடத்தை ஓடவிட்டேன். இரண்டு மூச்சு விடும் நேரம் கேட்டிருப்பார்.

"நிறுத்து. இது ஒன்றரைக் கட்டை. அவர் ஒரு கட்டைக்கு மேல போனதே இல்ல. போகவும் முடியாது, தொண்டை கிழிஞ்சிடும்."

கட்டை என்பது ஹார்மோனியத்தில் விரலால் அழுத்துவது, பாட்டுக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளும் சுரத்தையும் அந்தப் பெயராலேயே சொல்வார்கள். ஆளுக்கு ஒன்று இருக்கும், பாடுகிறவர்கள் அதை எளிதில் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். மகன் ஒலியை எவ்வளவு வேகப்படுத்தினார் என்று தெரியாமல் ஒரு வாரமாகத் திண்டாடிக்கொண்டிருந்தேன். அளவு இந்த வீட்டில் இருந்தது.

"அந்த ஹார்மோனியம் இப்ப யார்கிட்ட இருக்கு ஆன்ட்டி?"

அவர் எழுந்து, டிவிக்குப் பக்கத்தில் துணி போர்த்தியிருந்த பெட்டியைக் காட்டினார். அதன்மேல் ஒரு தொட்டிச் செடியும் பேரப்பிள்ளைகளின் படங்களும் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தோம். மகன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

"அப்பா பொட்டி அது, ரொம்பப் பழசு லா. ட்யூன் எல்லாம் போயிருக்கும். அத வச்சு எப்படி செக் பண்றது?"

பழைய ஹார்மோனியத்தில் ஒரு கட்டை பிசகலாம், ஒன்று ஊமையாகலாம். எல்லாக் கட்டைகளும் பேசிவைத்துக்கொண்டு ஒரே அளவில் இறங்காது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொல்லிப் புரியவைக்கும் அளவுக்கு அவர் மேல் எனக்கு அக்கறை இல்லை.

அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் துருத்தியைத் தள்ளி, கணவரின் கட்டையை அழுத்தினார். முதலில் காற்று இரைந்தது, பிறகு சுரம் வந்தது. நான் பதிவில் அதே இடத்தை ஓடவிட்டேன். இரண்டும் சண்டை போட்டன, பல் கூசியது. பதிவின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இரண்டு சுரங்கள் ஏறக்குறைய ஒன்றாகும்போது நடுவில் ஒரு நடுக்கம் கேட்கும். இன்னும் நெருங்கினால் நடுக்கம் மெதுவாகும். ஒன்றாகிவிட்டால் நின்றுவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும்... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுக்கம் நின்றது. அவர் துருத்தியிலிருந்து கையை எடுத்தார்.

அதே வேகத்தில் பாட்டைத் தொடக்கத்திலிருந்து போட்டேன். படத்தை அப்போதைக்கு விட்டுவிட்டேன். அதை ஜால்ரா சேரும் இடங்களைப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொள்ளலாம், அது என் பாடு. ஸ்பீக்கரிலிருந்து வந்தது கனமான, அவசரமில்லாத குரல். மெலிந்த குரலில் ஓடிக்கொண்டிருந்த ஆள் போய்விட்டார். அடிகளுக்கு நடுவில் நிதானமாக மூச்சு வாங்குகிற ஒருவர் பாடினார். அம்மாவின் விரல்கள் தாமாகக் கட்டைகளுக்குப் போயின. பாட்டின் இரண்டு அடிகளுக்கு இடையில் பதிவிலிருந்த ஹார்மோனியம் ஒரு சின்னச் சுழற்றுச் சுழற்றிவிட்டு வந்தது. தரையில் இருந்த ஹார்மோனியமும் அதே சுழற்றைச் சுழற்றியது, அதே இடத்தில், அதே சோம்பலோடு. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.  சொல்லிவிடுகிறேன், எனக்குப் பழிவாங்கிய சந்தோஷமும் இருந்தது.

பாட்டு முடிந்தது. மகன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"கொஞ்சம் பேஸ் கூடின மாதிரி இருக்கு. மத்தபடி சேம்தான் லா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருஷமா யாரோ ஒருத்தரக் காட்டி இவர்தான் உன் புருஷன்னு சொன்னீங்க. இல்லன்னு சொன்னதுக்கு என்னப் பைத்தியமாக்கினீங்க."

"யாரும் அப்படிச் சொல்லலம்மா. சரி, குரல் விஷயத்துல நீங்க சொன்னது கரெக்ட், ஓகே? ஆனா அப்பாயின்ட்மென்ட் எடுத்தாச்சு. சும்மா போய்ட்டு வந்துடலாம். நாலு கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான். எல்லாம் உங்க நல்லதுக்குத்தானே. ரூம் வேற ரெடியா இருக்கு."

நான் ஏதாவது சொல்லியிருப்பேன். நல்லதாக இருந்திருக்காது. அம்மா கையை லேசாக உயர்த்தினார், வகுப்பில் ஒரு பிள்ளையை உட்காரச் சொல்வது போல. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"கேள்விதானே கேப்பாங்க?" என்றார் மகனிடம். "நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு. இந்தப் பாட்டுக்கு அன்னைக்கு ஆர்மோனியம் வாசிச்சது யாரு?"

மகன் என்னைப் பார்த்தார், பிறகு மேலே மின்விசிறியைப் பார்த்தார். "கோயில்ல ஒரு அங்கிள் வருவாரே, தாடி வச்சுக்கிட்டு... அவர்தானே?"

"அவர் மிருதங்கம்."

"அப்ப யாரு? எனக்கு எப்படிமா தெரியும், நான் சின்னப் பையன்."

"அன்னைக்கு நீ என் தொடையில தலைய வச்சுத் தூங்கிட்டிருந்த. பாட்டு முடியற வரைக்கும் என் காலு மரத்துப் போயிருந்துச்சு, நீ முழிச்சுக்குவியேன்னு நகரல. ஒரு கையால துருத்தி, ஒரு கையால கட்டை."

மகன் கைபேசியைக் கீழே வைத்தார். தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் அவர் மடிக்கு முன்னால் திறந்திருந்த பெட்டியையும் முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாயின்ட்மென்ட்ட கேன்சல் பண்ண வேணாம்" என்றார் அம்மா. "உன் பேருக்கு மாத்திக்கோ. நான் கூட வரேன்."