மாமா வைத்த பரீட்சை

கொழும்பில் இரத்தம் உறிஞ்சும் அட்டை கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் ஆகஸ்ட் விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் புறப்பட்டபோது என் பைக்குள் முதலில் வைத்தது ஒரு சவுக்காரக் கட்டி. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, ஈரப் புல்லில் கால் வைக்கும் முன் முழங்காலுக்குக் கீழே சவுக்காரத்தைத் தேய்த்துக்கொள்வது பல் துலக்குவது போன்ற பழக்கம். சவுக்காரம் பட்ட காலில் அட்டை ஏறாது. மற்றச் சாமான்கள் அதற்குப் பிறகுதான்: கம்பளிச் சட்டை, மாற்றுக் கவுன்கள், அம்மா கட்டித் தந்த தேயிலைத்தூள் பொட்டலம்.

எனக்கு அப்போது பத்து வயது. மாமா, அம்மாவின் தம்பி; எங்கள் தோட்டத்திலேயே வளர்ந்தவர். கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை. கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீடு. அத்தை கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னையும் கூட்டிப்போகச் சொல்லி அந்த வருஷம் முழுக்க அடம்பிடித்தது நான்தான். ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகளான எங்கள் லயத்தின் ஒவ்வொரு வாசலிலும் நின்று செய்தி சொல்லியும் ஆயிற்று. அடுத்த காம்பராவில் இருந்த அக்கா மட்டும் நம்பவில்லை.

"நீயாவது இருக்கிறதாவது! ஒரு கிழமைக்குள்ள மூக்கச் சிந்திக்கிட்டு வந்து நிப்ப, பாரு."

"லீவு முடியிற வரைக்கும் வரவே மாட்டேன்" என்று கத்தினேன். லயத்துச் சுவர் மெல்லியது. ஒரு காம்பராவில் செய்த சபதம் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டிருக்கும்.

முதல் இரண்டு நாட்கள் கடலும் ஐஸ்கிறீமுமாகப் போயின. அதற்குப் பிறகுதான் எதெது இல்லை என்று மனதுக்குள் வரிசைப்படுத்த ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்க்க மலை இல்லை. சன்னலைத் திறந்தால் இன்னொரு வீட்டின் சுவர். குழாயில் வரும் தண்ணீர், மலையிலிருந்து விழும் எங்கள் பீலித் தண்ணீர் போலப் பல்லைக் கூசவைப்பதில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு யாரும் ஆள் கூப்பிடுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இருமுவதில்லை, சண்டை போடுவதில்லை. ஃபேக்டரிப் பக்கமிருந்து தேயிலை வாடும் மணம் வருவதில்லை. அம்மா தொலைபேசியில் கூப்பிட்டபோது மட்டும், "நல்லா இருக்கேம்மா" என்றேன். சபதம் அப்படிப்பட்டது.

போதாக்குறைக்கு மாமா தினமும் பரீட்சை வைத்தார். கடையிலிருந்து வந்து, அம்மா அனுப்பிய தூளில் பால் இல்லாத சாயத் தேநீர் ஊற்றிக்கொண்டு என் எதிரில் உட்காருவார்.

"பாப்பா, பீலிக்கரைப் பாறை அப்படியே இருக்கா?"

"இருக்கு மாமா."

"ஆறாம் நம்பர் மலைக்கு ஏறுற குறுக்குப் பாதை?"

"மண்ணு சரிஞ்சு படி கொஞ்சம் போயிருச்சு மாமா."

"எந்தப் படி? சவுக்கு மரத்துக்கு மேலயா, கீழயா?"

நானும் பிழை விடாமல் வரிசையாகப் பதில் சொல்வேன். முடிந்ததும், "எல்லாம் சரியா மாமா?" என்று கேட்பேன். "எல்லாம் சரி பாப்பா" என்பார். அத்தைக்கு மட்டும் பொறுக்காது. "ஏங்க, புள்ளயச் சாப்பிட விடுங்க. அந்தப் பாறை எந்திரிச்சா போயிரும்?"

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையோரக் காலிமுகத்திடலுக்குப் போனோம். அங்கே புல் இருக்கிறது என்று மாமா சொல்லியிருந்ததால், நான் புறப்படும் முன்பே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கால்களிலும் தாராளமாகச் சவுக்காரம் பூசிக்கொண்டேன். புல்வெளியின் நடுவில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். ஓட ஓட என் கால்களிலிருந்து வெள்ளை வெள்ளையாக நுரை கிளம்பியது.

"ஐயோ, புள்ளைக்கு என்னமோ ஆகுதுங்க!" என்று அத்தை அலறினார்.

மாமா குனிந்து பார்த்தார். நுரையை விரலால் தொட்டு மோந்தார். "இது சவுக்காரம்ல?"

"அட்டை கடிக்கும்ல மாமா" என்றேன்.

அந்த மழையில் நின்று மாமா சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. வடை வண்டிக்காரர் சிரித்தார். விஷயம் புரியாமலே அத்தையும் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது.

மாமா சிரிப்பை நிறுத்தினார். "வீட்டுக்குப் போவணுமா?"

"ம்ஹூம். அக்கா கேலி பண்ணும்."

அவர் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். பிறகு, "நாளைக்குப் போறோம். கேலிய நான் பாத்துக்கிறேன்" என்றார். தீபாவளிக்குத்தான் லீவு தருகிற முதலாளியிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது.

ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டியதும் மாமா எழுந்து கதவருகே போனவர், திரும்பி வந்து உட்காரவே இல்லை. ஸ்டேஷனை விட்டுவிடுவோம் என்று பயப்படுகிறார் போல என நினைத்துக்கொண்டேன். வட்டவளை கழிந்து பனிமூட்டம் பெட்டிக்குள் வந்தது. "சவுக்காரத்த எடு பாப்பா" என்றார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கொழும்புச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவரும் பூசிக்கொண்டார்.

லயத்து வாசலில் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "வந்துட்டாங்க கொழும்பு மகாராணி! என்னா, மூக்கச் சிந்தியாச்சா?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் எல்லாக் காம்பராவுக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவ வரமாட்டேன்னுதான் நின்னா. எனக்குத்தான் அங்க இருக்க முடியல. தொணைக்கு வான்னு நாந்தான் இவள இழுத்துக்கிட்டு வந்தேன்."

மீசை வைத்த ஆம்பிளை இப்படிச் சொன்னால் லயம் விடுமா? அப்பாதான் தொடங்கிவைத்தார். "என்னா மச்சான், வீட்டத் தேடிருச்சா?"

"ஆமா மச்சான். தேடிருச்சு."

அவ்வளவுதான். அக்கா உட்பட எல்லாரும் என்னை விட்டுவிட்டு மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தலை நிமிர்ந்து உள்ளே போனேன். எனக்காக எவ்வளவு பெரிய பொய்!

அதைவிட, சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவர் பட்ட பாடுதான் என்னை வியக்கவைத்தது. கொட்டும் மழையில் பீலிக்கரையில் நின்று வெகுநேரம் குளித்தார். பாறையில் ஏறி உட்கார்ந்தார். சரிந்த குறுக்கை மேலும் கீழுமாக நடந்து பார்த்தார். திரும்பிப் போகும்போது போத்தலில் பீலித் தண்ணீர் பிடித்துக்கொண்டார். யாரும் பார்க்காத இடத்திலும்கூட நடிக்கிறாரே என்று நினைத்தேன். அந்த நடிப்பைப் பல வருஷம் மனதுக்குள் மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

இப்போது கட்டாரில் ஓர் ஆய்வுகூடத்தில் குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் வேலை எனக்கு. தண்ணீரில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று நாள் முழுக்க வரிசைப்படுத்துகிறேன். மாமா அன்று வாசலில் சொன்னதில் பொய்யே இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பாலைவனம் தேவைப்பட்டது.

அண்மையில் எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கொத்மலையிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். வேலை முடிந்ததும் அவளுக்கும் எனக்குமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டு எதிரில் உட்காருகிறேன். டேம்ல தண்ணி எவ்வளவு இருக்கு, அணைக்கட்டுக்கு மேல நின்னா இன்னும் பனி மறைக்குதா என்று கேட்கிறேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்.

"எல்லாம் சரியாங்க அக்கா?" என்று நேற்றுக் கேட்டாள்.

"எல்லாம் சரி" என்றேன்.