சந்தனம் வைத்த ரைஃபிள்

விளையாட்டுச் சாமான் கடையில் ஏர் ரைஃபிள் விற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. வாங்கியவர் அதைத் தூக்கிக்கொண்டு கோபமாகத் திரும்பி வரும்போது, அது நேராகச் சுடாது என்பது அவனுக்கு முன்பே தெரிந்துவிடும். தஞ்சாவூரில் அப்படியொரு கடையின் கவுண்டரில் பல வருஷம் நின்றவன் நான். வாரண்டி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பெனிக்குப் போன் போட்டுப் பாட்டுக் கேட்டபடி நின்றவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இது.

பூஜை

பரிமளா, குடவாசல் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். இரவல் ரைஃபிளை வைத்தே மாவட்டப் போட்டியில் ஜெயித்தவர். மாநிலப் போட்டிக்குச் சொந்தமாக ஒன்று வேண்டுமென்று வந்தார். நான் சொன்ன கம்பெனி ரைஃபிளையே வாங்கினார். பெட்டி வந்து இறங்கியது ஆயுத பூஜையன்று.

கல்லாப்பெட்டிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த முதலாளி, அதே கையோடு டீச்சருடைய ரைஃபிளுக்கும், விற்காமல் கிடந்த இன்னொன்றுக்கும் வைத்தார். பிடிக்கட்டையில் வைத்தது போதாதென்று குழலின் வாயிலும் தாராளமாக ஒரு பொட்டு. டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இந்த வயசுல உனக்குத் துப்பாக்கி எதுக்குங்கறாரு எங்க வீட்டுக்காரரு. பதக்கத்தோட போயி பதில் சொல்றேன், பாருங்க."

கை

ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். எப்படிச் சுட்டாலும் வலப்பக்கம் போகிறதாம். கொல்லைப்புறத்தில் முதலாளி வீட்டு நெல் மூட்டை ஒன்றை மேஜைமேல் போட்டு, அதில் ரைஃபிளைப் படுக்கவைத்து நானும் சுட்டேன். குறி பார்க்கும் சைட்டைத் திருகும் மட்டும் திருகியும் வலப்பக்கமேதான்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். சர்வீஸ் அதிகாரி நிதானமாகச் சொன்னார், சுடுகிறவர் கையைப் பாருங்கள் என்று. டீச்சர் உண்மையிலேயே தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "கை நடுங்கினா நாலு பக்கமும்தானே சிதறும்? ஒரே பக்கமா நடுங்கற கை எங்கயாவது இருக்கான்னு கேளுங்க சார்!"

பார்சல்

கேட்டேன். சரி, அனுப்பிவையுங்கள் என்றார்கள். கூரியர் ஆபீசில் உள்ளே என்ன என்றார்கள், ரைஃபிள் என்றேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. ஆனால் பார்சலை வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இது வெறும் ஏர் ரைஃபிள், லைசென்ஸே வேண்டாம் என்று மன்றாடி, கடைசியில் லாரி பார்சல் ஆபீசில் போட்டேன். ரசீது கிழித்துக் கொடுத்தவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அடுத்த தடவை இரும்புக் குழாய்னு சொல்லுங்க. நாங்களும் குழாய்னே எழுதிக்கிறோம்."

மஞ்சள் நிறப் பொருள்

ரைஃபிள் பளபளவென்று துடைத்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: குழலின் வாயில் மஞ்சள் நிற அந்நியப் பொருள், பயன்படுத்தியவர் தவறு, வாரண்டி செல்லாது. சுட்டுப் பார்த்தோம். அதே வலப்பக்கம். மாநிலப் போட்டியோ நெருங்கிவிட்டது.

என் மனைவி, உயிரோடு இருந்த காலத்தில், மன்னார்குடிக் கடையொன்றில் கெட்டுப்போன மிக்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே மாற்றி வாங்கியவள். திட்டவே மாட்டாள், கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளை நினைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"சார், உங்க ஃபேக்டரியில ஆயுத பூஜை உண்டா?"

"உண்டு."

"மெஷினுக்கெல்லாம் சந்தனம் வச்சீங்களா?"

"வச்சோம்."

"அந்த மெஷினுக்கெல்லாம் வாரண்டி போயிடுச்சா?"

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது கேட்டது. அதிகாரி தொண்டையைச் செருமினார். "சார், மெஷினுக்கு வெளியிலதான் வச்சோம்."

நெல் மூட்டை

நியாயம்தான். ஆனால் குழல் வாயில் அதே சந்தனம் வைத்த இன்னொரு ரைஃபிள் கடையில் இருக்கிறதே! வீடியோ காலில் பார்க்கிறீர்களா என்றேன். மறுநாள் அதிகாரி வீடியோவில் வந்தார். முதலாளி செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நடுங்கியது அவர் கைதான்.

டீச்சர் கடை ரைஃபிளை மூட்டைமேல் வைத்துச் சுட்டார். நட்டநடு வட்டம். மறுபடியும் நடு. பிறகு தன்னுடையதை எடுத்தார். வலது. வலது. வலது. ஒரே ஓட்டையில் போய் விழுவதுபோல அவ்வளவு சுத்தமான வலது! முதலாளி "அடிச்சாங்கடா!" என்று கத்தியதில் செல்போன் மூட்டைமேல் விழுந்தது. அங்கே வானத்தைப் பார்த்துக் கிடந்தபடியே அது பேசியது. "மேடம், உங்க கையில தப்பே இல்ல. எங்க குழல்தான் கோணல். புதுசு அனுப்பறேன்."

டீச்சர் கையை இன்னொரு முறை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

புதுசு

போட்டிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. முதல் குண்டே நடுவில். முதலாளி பழக்கதோஷத்தில் சந்தனக் கிண்ணத்தோடு ஓடிவர, டீச்சர் ரைஃபிளைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "இதுக்குக் கற்பூரம் மட்டும் காட்டுங்க முதலாளி, தள்ளி நின்னு!"

வெண்கலத்தோடு திரும்பினார். கடைக்கு ஸ்வீட் கொண்டுவந்தது அவர் வீட்டுக்காரர். பெட்டியை நீட்டிவிட்டுப் போகாமல், அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "சார், எனக்கும் ஒண்ணு காட்டுங்க. அவங்களுதைத் தொட விட மாட்டேங்கறாங்க."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, குறி பார்த்துச் சுடுவதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம், கம்பெனிக்காரர் வாயிலிருந்து "தப்பு எங்களுது" என்று வரவழைப்பதற்குத்தான் மாநில அளவுப் பயிற்சி வேண்டியிருக்கிறது.