பிரபு ஏர் பிடித்த நாள்

தஞ்சாவூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த ரஷ்ய நாவலாசிரியரின் வாழ்க்கை வரலாற்றைப் பிரித்ததும், தடித்த தாளும் பசையும் கலந்த, சின்ன வயதில் பழகிய அதே வாசனை வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் தெருக்கோடியில், இப்போது செல்போன் கோபுரம் நிற்கிற இடத்தில், விவசாயத் தொழிலாளர்களின் சங்கக் கொட்டகை இருந்தது. நடவு முடிந்து வந்தவர்கள் காலில் சேறு காயக் காய உட்கார்ந்திருப்பார்கள். அப்பா இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பார், அதுவரை வெற்றிலை இடிக்கிற சத்தம் நின்றிருக்கும், பக்கம் முடிந்ததும் மறுபடி தொடங்கும். பெரிய பெரிய நாவல்கள் எழுதிய அந்தப் பிரபு, ஊரே தன் நிலமாக இருந்தும் தானே வயலில் இறங்கி ஏர் பிடித்தார் என்று அப்பா ஒரு சாயங்காலம் படித்தபோது, எல்லோரும் தலையாட்ட, அம்மா மட்டும் கேட்டாள்.

"அவரு ஏரப் புடிச்சிட்டா, அன்னிக்கு வேலையில்லாம வீட்டுக்குத் திரும்புன ஆளு யாருங்க?"

அப்பா முன்னும் பின்னும் புரட்டினார். "அது போடலியே" என்றார்.

கடையில் நின்றபடியே நானும் அந்த அத்தியாயத்தைத் தேடிப் படித்தேன். ஏர் இழுத்த குதிரையின் பெயர்கூட இருந்தது.