எப்போதும் நாலு டிகிரி

இன்று காலை ஆபீசுக்கு வந்ததும் முதலில் செய்தது, மூன்று பிரிட்ஜ்களையும் திறந்து உள்ளே இருக்கும் வெப்பமானிகளைப் பார்த்து ரெஜிஸ்டரில் குறித்ததுதான். ஐந்து, ஐந்து, ஆறு. பேனாவை மூடுவதற்குள் போன் அடித்தது. பகவதியப்ப பிள்ளை விடியற்காலையில் போய்விட்டார் என்று ஊழியர் சங்கச் செயலாளர் சொன்னார்.

"நீங்கதானே சாரோட ரொம்ப வருஷம் இருந்தது. நம்ம சங்க மலருக்கு சாரைப் பத்தி நல்லதா ஒரு பக்கம் எழுதித் தரணும், கேட்டேளா?"

எழுதித் தருகிறேன் என்றேன். நல்லதாக என்று சொல்லவில்லை.

எங்கள் தடுப்பூசிக் கிடங்கு பதினெட்டு வருடம் அவர் பொறுப்பில் இருந்தது. மலையடிவாரத்து சப்சென்டர் வரைக்கும் குழந்தைகளுக்குப் போடும் மருந்தெல்லாம் இங்கிருந்துதான் போகும். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் பிள்ளைச் சார். வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறவர், யாரையும் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பாதவர். அதெல்லாம் உண்மை. பன்னிரண்டு வருடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அவரைப் பிடிக்காது. அதுவும் உண்மை.

அவருடைய பெருமை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். நான் சேர்ந்த வருடம் ஒரு மழைக்காலத்தில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் கைவிட்டது. போலியோ சொட்டு மருந்து நிறைய இருந்தது; அது உறைந்த நிலையிலேயே இருக்க வேண்டும். பிள்ளைச் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போய், ஆட்டோவில் பாளம் பாளமாகக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு குப்பி வீணாகவில்லை. மேலதிகாரி வந்து கைகுலுக்கினார். அன்றைக்கு நானும் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு அவருக்கு எல்லா மருந்துக்கும் ஒரே வைத்தியம், ஐஸ். "குளிராலே கெட்டுப்போன மருந்து இந்த உலகத்துல கிடையாது, கேட்டியா" என்பார். கக்குவான் உட்பட மூன்று நோய்களுக்குப் போடும் முத்தடுப்பு ஊசி மருந்து உறையவே கூடாது, உறைந்தால் பலன் போய்விடும் என்று பயிற்சியில் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அவர் அங்கே முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வந்தார். பிரிட்ஜில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகை மட்டும் மாற்றவில்லை. அது எப்போதும் கடைசி எண்ணில் நின்றது.

ரெஜிஸ்டரில் காலையும் மாலையும் வெப்பநிலை எழுத வேண்டும். அவர் சனிக்கிழமையே ஞாயிற்றுக்கிழமைக்கும் எழுதிவிடுவார். பிறகு திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் எழுத ஆரம்பித்தார். எல்லாக் கட்டத்திலும் நாலு. கீழே அவர் கையெழுத்து; சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. ஒருமுறை, "சார், நாளைக்கு என்ன இருக்கும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு நீயும் நானும் இருப்போமான்னுதான் தெரியாது. பிரிட்ஜ் நாலுலதான் இருக்கும். போடும்மா."

போட்டேன்.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை போனக்காட்டு எஸ்டேட்டுக்கு மருந்து எடுக்க நர்ஸ் எஸ்தர் வந்திருந்தாள். நான் பிரிட்ஜைத் திறந்தேன். வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே நின்றது. முத்தடுப்புக் குப்பிகளுக்குள் வெள்ளையாகப் பனி. எஸ்தர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைச் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தபடி வந்து, குப்பிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொத்தி உருட்டினார்.

"பாத்தேளா, எங்க மாமி வீட்டுல தயிரு உறையணும், மருந்து உறையப்பிடாது!" என்றார் என்னைக் கேலியாகக் காட்டி, பக்கத்தில் நின்ற பியூனிடம். பனி கரைந்ததும் குலுக்கிக் காட்டினார். "இப்ப பாரு. என்ன கேடு வந்துட்டு இதுக்கு?"

அவர் நகர்ந்ததும் அதில் ஒரு குப்பியையும், வேறு பிரிட்ஜில் உறையாமல் இருந்த ஒரு குப்பியையும் சேர்த்துக் குலுக்கி ஜன்னலோரம் வைத்தேன். அரை மணி நேரத்தில் உறைந்து கரைந்த குப்பியில் மருந்து அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. மற்றது அப்படியே கலங்கலாக இருந்தது. உறைந்து கெட்ட மருந்து இப்படித்தான் படியும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அப்படியே கண்முன் நின்றது. அதற்குள் மற்றக் குப்பிகளை அடுக்கிய கேரியர் பெட்டியோடு எஸ்தர் பஸ் ஏறியிருந்தாள். அந்த இரண்டு குப்பிகளையும் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் அவற்றைக் குப்பைக்கூடையில் போட்டார். "அவ்வளவுதான். இனி இதைப் பத்திப் பேச்சு வேண்டாம்." நான் பேசவில்லை.

சில மாதங்களில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் கக்குவான் இருமல் வந்தது. ஊசி போட்ட குழந்தைகளுக்கும் வந்தது. ஒரு கைக்குழந்தை பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அவ்வளவு இருமலும் அந்தக் குப்பிகளால் வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. எஸ்தரால் வரவில்லை என்று சொல்ல முடியும்.

விசாரணைக்கு வந்தவர்கள் ரெஜிஸ்டரைத்தான் பார்த்தார்கள். எல்லா நாளும் நாலு டிகிரி. அப்படியானால் மருந்து கெட்டது வழியில்தான், வெயிலில்தான். "எஸ்டேட்டுக்குப் போற பஸ் ஒவ்வொரு வளைவுலயும் நிக்கும் சார். இந்தப் பிள்ள இறங்கி வர்த்தமானம் பேசிட்டு நிக்கும்" என்றார் பிள்ளைச் சார். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இது உங்கள் கையெழுத்துதானே? ஆமா சார் என்றேன்.

எஸ்தரின் சர்வீஸ் புத்தகத்தில் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போனார்கள். அவள் அங்கேயே நின்றாள். அதற்குப் பிறகு ஒருமுறை கிடங்குக்கு வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "சேச்சி, கேரியரை நான் கீழே வைக்கவே இல்லை. மடியில வச்சே கொண்டு போனேன். எனக்கு முட்டி மரத்துப் போச்சு. சத்தியமாயிட்டு." நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். வேறு எதுவும் கொடுக்கவில்லை.

இன்று மதியம் வலியசாலையில் பிள்ளைச் சார் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். தூங்குகிற மாதிரி இருந்தார், என் கோபம் குறையவில்லை. செயலாளர் வாசலில் என் காதருகே வந்து, "அந்த எஸ்தர் நர்ஸ், கவனக்குறைவுன்னு எழுதினதை எதிர்த்துப் போட்ட அப்பீலைப் புதன்கிழமை எடுக்கிறாங்க. இனி அதுலயும் ஒண்ணும் நடக்காது. சார் போயாச்சில்லே, இனி யார்ட்ட போய்க் கேப்பாங்க?" என்றார்.

பிள்ளைச் சாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவிய ஒங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாவ. அந்தப் பொம்பள தங்கம், வாயத் தெறக்காதுன்னு."

அவரைப் பற்றி என்னிடம் மிஞ்சப்போவது அந்தப் பாராட்டுதான். அவர் என்னை மிரட்டியதே இல்லை. மிரட்டத் தேவையில்லை என்று தெரிந்து வைத்திருந்தார். அவர்மேல் எனக்கு இருக்கும் வெறுப்பில் பாதி அதனால்தான் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது தோன்றியது.

இந்த மலர் அச்சாவதற்கு முன்பே புதன்கிழமை வந்துவிடும். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விசாரணை அறைக்குப் போய், எஸ்தரின் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறேன். அந்த நாலுகள் எல்லாம் பொய், தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று சொல்வேன். அதற்குப் பிறகு என் சர்வீஸ் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்களோ, எழுதட்டும்.