கல்லறைப் பக்கத்துக் கான்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஓடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் ஒருவன் ஓடினால், மாடு அவிழ்த்துக்கொண்டது என்றோ கடன் கொடுத்தவன் வந்துவிட்டான் என்றோதான் நினைப்போம். யாரும் துரத்தாமல் ஓடுவது எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். கோலசிலாங்கூரில் இளைஞர்கள் சிலர் ஓட்டக் குழு தொடங்கியபோது அதோடு சமூக சேவையையும் சேர்த்துக்கொண்டது இதனால்தான் என்பது என் கணிப்பு. ஞாயிறு காலையில் ஓர் இடத்துக்கு ஓடிப்போய் வேலை செய்துவிட்டு ஓடித் திரும்புவார்கள். வழியில் யாராவது மோட்டாரை நிறுத்தி என்ன ஆச்சு என்று பதறினால், சொல்வதற்கு ஒன்று இருக்கும்.

நான் ஓடுவதில்லை. பணிக்காலம் முழுவதும் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த சர்க்கரை நோயோடு, குடையை ஊன்றிப் பின்னால் நடக்கிறேன். என்னைச் சேர்த்துக்கொண்டதும் என் நடைக்காக அல்ல. நான் சேர்வதற்கு முன்பு இவர்கள் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு, தங்கள் சட்டையின் அதே ஆரஞ்சு நிறத்தில், யாரையும் கேட்காமல் சாயம் அடித்துவிட்டார்கள். நகராண்மைக் கழகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மருந்தகத்தில் வேலை பார்க்கும் குழுத் தலைவி அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அலுவலகங்களுக்கு மன்னிப்புக் கடிதம் பிடிக்காது. மன்னிப்பதா வேண்டாமா என்று யாராவது முடிவெடுக்க வேண்டியிருக்கும். நன்றிக் கடிதத்தைக் கோப்பில் போட்டு உடனே மூடிவிடலாம். சமூகப் பணிக்கு வாய்ப்பளித்தமைக்கு நன்றி என்று எழுதிக் கொடுத்தேன். நிறுத்தம் இன்னும் ஆரஞ்சுதான்.

கல்லறைத் திருநாள் நெருங்கிய சமயத்தில் பக்கத்து ஊரான ஜெராமிலிருந்து ஓர் அம்மாள் எங்களைத் தேடி வந்தார். எழுபதை ஒட்டிய கிறிஸ்துவப் பெண்மணி. வலது முழங்கால் மடங்காது. நாக்குக்கு அந்தக் குறை இல்லை. கணவரை அடக்கம் செய்தது, இருவரும் முன்பு வேலை செய்த தோட்டத்துக் கல்லறையில். லயங்களை இடித்து ஆட்களை அனுப்பிய பிறகு, அங்கே போகும் பாதையைக் காடு மூடிவிட்டது. இரண்டு வருடமாக மெழுகுவர்த்தி ஏற்ற முடியவில்லை. மாதா கோயிலில் பூசைக்குக் கொடுத்தால் போதும், எல்லாம் போய்ச் சேரும் என்று மகன்கள் சொல்கிறார்களாம்.

“உசுரோட இருக்கறப்பவே அந்த மனுசன் கோயிலுக்கு வந்ததில்ல தம்பி” என்றார் என்னிடம். “இப்ப மட்டும் அங்க வந்து காத்துக்கிட்டு இருப்பாரா?”

பாதையை வெட்டித் தருவதென்று குழு முடிவு செய்தது. அனுமதி என் பொறுப்பு. அனுமதி கேட்பவனுக்கு அனுமதி கிடைக்காது. இன்ன ஞாயிறுகளில் வருகிறோம், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும் என்று தோட்ட நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். ஆட்சேபிப்பதென்றால் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஆள் கிடைப்பது அரிது. ஆட்சேபம் வரவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வந்தது. எண்ணெய்க்கு ஆகும் செம்பனைப் பழம் திருட்டுப் போவதால் வெளி வண்டி எதுவும் காவல் கொட்டகையைத் தாண்டக் கூடாது.

ஆகவே அம்மாள் நடந்துதான் போக வேண்டும். இவர்கள் செம்பனை வரிசைகளுக்கு நடுவே குறுக்கு வழி கண்டுபிடித்து, சில ஞாயிறுகள் லாலாங் புல்லோடு மல்லுக்கட்டினார்கள். நான் காவல் கொட்டகையில் இருந்தேன். கையெழுத்திட்டவன் வாசலில் இருக்க வேண்டும் என்பது நான் சொன்ன காரணம். உள்ளே கொசு அதிகம் என்பது சொல்லாத காரணம்.

பாதை எப்படி என்று தலைவியிடம் கேட்கத்தான் செய்தேன்.

“சூப்பர் பாதை அங்கிள். சப்பட்டையா இருக்கு லா. ஆன்ட்டி கண்ண மூடிக்கிட்டு நடக்கலாம்.”

கைப்பேசிக்குப் படங்களும் வந்தன. ஒவ்வொரு படத்திலும் யாராவது அந்தரத்தில் இருந்தார்கள். இரண்டு கால்களும் தரையில் இல்லை, முகமெல்லாம் சிரிப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தரையில் நின்று படம் எடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திருநாள் ஞாயிற்றுக்கிழமையே வந்தது. அம்மாள் வெள்ளைச் சேலையில், பூவும் மெழுகுவர்த்தியும் வைத்த பிரம்புக் கூடையோடு வந்தார். இம்முறை நானும் உள்ளே போனேன். அவர் வேகத்தில் நடக்க இவர்களால் முடியவில்லை. கொஞ்ச தூரம் முன்னால் ஓடுவதும் திரும்பி வந்து எங்களைச் சுற்றுவதுமாக, கட்டு அவிழ்த்த நாய்க்குட்டிகள் போல இருந்தார்கள். பாதை உண்மையிலேயே சப்பட்டைதான். கண்ணில் வெள்ளைச் சிலுவைகள் தெரிய ஆரம்பித்தன.

அங்கேதான் கான் இருந்தது. தோட்டத்து மழைநீர் வடியும் கால்வாய். ஆள் படுக்கும் அகலம், இடுப்பளவு ஆழம். முன்னால் போன இரண்டு பேர் பேச்சை நிறுத்தாமலே தாண்டினார்கள். தலைவியும் தாண்டினாள். அந்தப் பக்கம் நின்று திரும்பிக் கையை நீட்டினாள்.

“வாங்க ஆன்ட்டி.”

அம்மாள் கானைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தரத்துப் படங்கள் எந்த இடத்தில் எடுத்தவை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாதை வெட்டிய யாருமே பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தடையே இல்லை, பாதையில் இருந்த ஒரே விளையாட்டு.

“பாப்பா, நான் இங்க பழம் பொறுக்குனவ” என்றார் அம்மாள். “கங்காரு இல்ல.”

தோட்டத்து வண்டிகள் போகும் செம்மண் சாலையில் சுற்றிப் போனால் அந்தக் காலோடு மாலையாகிவிடும். கொட்டகைக்குப் போன் செய்து ஒரு காரை மட்டும் உள்ளே விடச் சொன்னேன். மேலாளரைக் கேட்க வேண்டும் என்றார் காவலர். ஞாயிற்றுக்கிழமை மேலாளர் போனை எடுப்பாரா? நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன். உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கும் தடித்த பையன், தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்று முன்னால் வந்தான்.

“கிட்ட வராத. மூச்சு இருக்கற வரைக்கும் என்னை யாரும் தூக்க வேணாம்.”

அவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். சிலுவைகளைப் பார்த்தபடி இருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்ப மாட்டார் என்று தெரிந்தது. தாண்டவும் மாட்டார் என்றும் தெரிந்தது. தலைவியின் கண்கள் கலங்கிவிட்டன.

பழம் வெட்டும் வரிசைகளில் தள்ளுவண்டி போவதற்காகக் கானின் மேல் பலகை போட்டிருப்பார்கள். கல்லறையில் பழம் இல்லாததால் இந்தப் பக்கம் பலகையும் இல்லை. கடைசியாக வெட்டு நடந்த வரிசை வெகு தூரம். அந்தப் பலகை தோட்டத்துச் சொத்து. நகர்த்துவதற்கு எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தின் முதல் வரிகூட என் மனதில் ஓடியது.

“போய்த் தூக்கிட்டு வாங்க” என்றேன். “நாளைக்கு நான் எழுதிக்கிறேன்.”

ஓடினார்கள். இத்தனை மாதமாக நான் பார்த்ததெல்லாம் ஓட்டமே அல்ல என்று அன்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் ஒரு நீளப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆரஞ்சுச் சட்டை நனைய, மற்றவர்கள் பின்தொடர, எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். அந்தக் காட்சி வேறு எதைப் போல இருந்தது என்று நான் சொல்ல வாயெடுக்கவில்லை. அம்மாள் சொன்னார்:

“என்ன அவசரம், மெதுவா கொண்டாங்க. நான் எங்கயும் போகல.”

பலகையைப் போட்டதும் ஆளுக்கொரு பக்கம் கை நீட்டினார்கள். அவர் எந்தக் கையையும் பிடிக்கவில்லை. பலகையின் மேல் உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டியபடி, வெள்ளைச் சேலையோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். சேலையின் பின்பக்கம் சேறாகிவிட்டது. அதைத் தட்டிக்கூட விடவில்லை.

கணவரின் சிலுவையை அவரே கண்டுபிடித்தார். பூவைப் பிரித்துப் போட்டு மெழுகுவர்த்தியை ஏற்றினார். ஜெபம் சொல்வார் என்று நாங்கள் தலை குனிந்தோம். வராத இரண்டு வருடத்துக்கும் கணக்குச் சொல்லி, மகன்களைப் பற்றிக் குறை சொல்லி, கடைசியில் தோட்டத்தை விற்றவர்களைத் திட்டினார். பிறகுதான் ஜெபம்.

முடித்துவிட்டுப் பக்கத்தில் புல் மண்டிய வெற்றிடத்தைக் காட்டினார்.

“இது என் இடம். அந்தக் கான்மேல நல்ல பாலமா ஒண்ணு போட எழுதிக் குடு தம்பி. என் மகனுங்க ரெண்டும் ஒடம்பு பெருத்தவனுங்க. என்னைத் தூக்கிக்கிட்டு இதுங்கள மாதிரி தாண்ட மாட்டானுங்க.”

இம்மாதிரி பழைய தோட்டத்துக் கல்லறைகளில் புதிதாக அடக்கம் செய்ய இப்போது விடுவதில்லை. எந்த விதி, யாரிடம் மேல்முறையீடு, அது எந்த மேசையில் தூங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தலைவி என் முகத்தைப் பார்த்தாள்.

பாலம் எவ்வளவு அகலம் வேண்டும் என்று அம்மாளிடம் கேட்டேன்.

“ரெண்டு பேரு பக்கம் பக்கமா நடக்கற மாதிரி” என்றார். “தூக்குறவன் கால் வழுக்கக் கூடாது.”