பேஞ்சோவுக்குப் பொட்டு வைத்த வருஷம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் இரண்டு ஆணிகளுக்குத்தான் மரியாதை. ஒன்றில் என் பள்ளிக்கூடப் பை தொங்கும், மற்றதில் மாமாவின் பேஞ்சோ. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பேஞ்சோவைத்தான் பார்ப்பார்கள். அதைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான், "இவன்தான் படிக்கிறவனா?" என்று என் பக்கம் திரும்புவார்கள். எங்கள் குடும்பத்தில் கொப்பியும் பேனாவுமாகத் திரிந்த முதல் ஆள் நான். அதனால் அந்த வரிசையில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்தது.

மாமா என்பது அம்மாவின் தம்பி. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்ததால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மாமா கண்டிப் பக்கம் கல்யாண வீடுகளில் பாட்டுக் கச்சேரி செய்யும் குழு ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தார். குழுவை நடத்தியவர் இத்தாலிக்குப் போனபோது பேஞ்சோவை மாமாவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அது பழைய காலத்து வெளிநாட்டுச் சாமான். முன்பக்கம் தப்பு மேளம் மாதிரி தோல் போர்த்தியிருக்கும். பின்பக்கம் சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு மர மூடி. அந்த மூடி இருப்பதால்தான் சத்தம் பின்னால் போகாமல் முன்னால் எகிறி வருகிறது என்று மாமா சொல்வார். எங்கள் பக்கத்தில் மற்ற பேஞ்சோக்களுக்கு நாலு தந்தி, இதற்கு மட்டும் ஐந்து. அந்த ஐந்தாவது தந்தியின் முறுக்காணி மற்றவற்றோடு உச்சியில் இல்லாமல், கழுத்தின் பாதி வழியில் மரு முளைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். யாரோ விஷயம் தெரியாதவன் பிற்பாடு சொருகியது என்று மாமா முடிவு செய்து, தந்தியைக் கழற்றிச் சுருட்டித் தீப்பெட்டிக்குள் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டார்.

அந்த வருஷம் மாமாவுக்கு ஆட்டோப் பைத்தியம் பிடித்தது. பேஞ்சோவை விற்று ஆட்டோவுக்கு முன்பணம் கட்டுவதாகத் திட்டம். அது ஏன் அவ்வளவு அவசரம் என்று எனக்குத் தெரியாது. மேல் லயத்துக் கங்காணி கடைவாசலில் பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னது மட்டும் தெரியும்: "தந்தி தட்டுறவனுக்குப் பொண்ணக் குடுத்தா அவ கல்யாண வீடு கல்யாண வீடாப் போய்த்தான் சோறு திங்கணும்!" நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. கங்காணியின் மகள் கலஹாவில் ஒரு பார்மசியில் வேலை செய்தாள். அந்த நாட்களில் மாமாவுக்கு அடிக்கடி தலைவலி வரும். மாத்திரை வாங்க அவரே நேரில் போவார்.

அக்குறணையில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் கடைக்கார நானா, பேஞ்சோவைப் படம் பிடித்துத் தன் போனிலிருந்து விளம்பரம் போட்டுக் கொடுத்தார். பல நாள் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பழைய வாத்தியங்கள் சேர்க்கிறவராம். வியாழக்கிழமையே வருவதாகச் சொன்னார். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"சனிக்கிழம வரச் சொல்லு."

"அவரு வியாழக்கிழமையே வர்றேங்கிறாருக்கா."

"சனிக்கிழமனு சொல்லு. நல்ல நாளு."

நாள் விஷயத்தில் அம்மாவோடு யாரும் வாதாட மாட்டார்கள். மாமா சனிக்கிழமை என்றார்.

அந்தச் சனிக்கிழமை சரஸ்வதி பூசை. அம்மா காலையிலேயே கவ்வாத்துக் கத்தியைக் கழுவி, கொழுந்துக் கூடையைத் துடைத்துச் சாமி படத்தடியில் வைத்தார். நான் என் புத்தகங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய் அடுக்கினேன். செய்து முடிக்காத கணக்குக் கொப்பியை அடியில் வைத்தேன். பென்சிலைக்கூட விடவில்லை. பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. வருஷத்திலேயே எனக்குப் பிடித்த சட்டம் அதுதான்.

மாமா, வருகிறவருக்கு பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அம்மா ஆணியிலிருந்து பேஞ்சோவை இறக்கினார். என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து, தோலின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

கொழும்புக்காரர் மத்தியானம் மழையோடு வந்தார். காரைக் கீழே றோட்டில் விட்டுவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு படியேறி வந்தார். அவருடைய பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. மாமா வாய் நிறையச் சிரித்தபடி பேஞ்சோவை எடுக்கக் கையை நீட்டினார்.

"கைய வைக்காத," என்றார் அம்மா.

"அக்கா! சாரு கொழும்புலேருந்து வந்திருக்காரு."

"வரட்டும். பிஸ்கட்டக் குடு. நாளைக்குக் காலையில எடுத்துக் குடுக்கலாம்."

"ஒரு நிமிஷம் எடுத்துக் காட்டிட்டு வச்சிட்டா சாமிக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமே."

மாமாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வந்தவர்தான் சிரித்தார். "விடுங்கோ தம்பி. எங்கட அம்மா இருந்திருந்தா உங்களுக்கு இப்ப அடி விழுந்திருக்கும். அக்கா, நான் தொடமாட்டன். பாக்கலாம்தானே?"

இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு குந்தினார். தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"அஞ்சாவது தந்தி எங்கை?"

"அது யாரோ தெரியாம வச்சது சார். நான் கழட்டிட்டேன்."

"இவ்வளவு நாளும் நாலு தந்தியிலயோ வாசிச்சனீங்கள்?"

"கல்யாண வீட்டுக்கு அது போதும் சார்."

"தம்பி, அந்த அஞ்சாவதுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தது!"

மாமா அலுமாரிக்கு ஓடினார். தீப்பெட்டியை அவசரமாகத் திறந்து காட்டினார். தந்தி பத்திரமாக இருந்தது. ஆனால் கட்டிப் பார்க்க வழியில்லை. பேஞ்சோவைத் திறந்து உள்ளே இருக்கும் எழுத்தைப் பார்த்தால்தான் எந்தக் காலத்தது என்று சொல்லலாம், அதற்கும் வழியில்லை. வந்தவர் நேரத்தைப் பார்த்தார். கொழும்பில் வேலை இருக்கிறதென்றார். "பாப்பம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த "பாப்பம்" மாமாவைக் கொன்றுவிட்டது. "பொட்டு வச்சு வழியனுப்பிட்டீங்கக்கா," என்றார். சாப்பிடவும் இல்லை. அம்மா கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு கடலை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கடலை விஷயத்தில் கேள்வி கேட்பது புத்திசாலித்தனம் இல்லை.

மறுநாள் காலை, அம்மா விளக்கேற்றும்போது கீழே றோட்டில் ஹோர்ன் கேட்டது. அவர்தான். பேராதனையில் நண்பர் வீட்டில் தங்கிவிட்டாராம். மாமா படிகளில் விழுந்தடித்து ஓடினார்.

அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஓடிப்போய் கங்காணித் தாத்தாவையும் அவரு மக அக்காவையும் பூசைக் கடலை வாங்கிட்டுப் போகச் சொல்லு."

"நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேனே?"

"இங்க வந்து கையில வாங்கினாத்தான் நல்லது. ஓடு."

நல்ல வேடிக்கையை விட்டுவிட்டு மேல் லயத்துக்கு ஏறினேன். கங்காணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பியபோது பேஞ்சோ பூசையிலிருந்து இறங்கி, பின்மூடி கழன்று, கொழும்புக்காரரின் மடியில் கிடந்தது. அம்மா கங்காணிக்கு உட்காரக் கதிரை போட்டார். மகள் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"கண்ணாடியைக் காருக்குள்ள விட்டிட்டன். இதை ஆர் வாசிக்கிறது?" என்றார் கொழும்புக்காரர். அம்மா என் முதுகில் கையை வைத்துத் தள்ளினார்.

விஜயதசமியன்று புத்தகத்தைத் திறந்து முதல் வரியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்த வருஷம் நான் முதலில் வாசித்தது பேஞ்சோவின் வயிற்றுக்குள் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை. ஒவ்வொன்றாக, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். கொழும்புக்காரர் முகம் மலர மலர எனக்குக் குரல் ஏறியது. கங்காணிகூட எட்டிப் பார்த்தார்.

பிறகு கொழும்புக்காரர் மூடியைப் பூட்டி, ஐந்தாவது தந்தியைக் கட்டிச் சுதி கூட்டினார். பேஞ்சோவை மாமாவிடம் நீட்டினார். "பூசையால எடுத்தா முதல்ல வாசிக்கோணும். நீங்கள் வாசியுங்கோ."

மாமா கல்யாண வீட்டு மெட்டு ஒன்றை எடுத்தார். அவர் பெருவிரலுக்கு அந்தத் தந்தி புதிது. தெரியாமல் அதில் படும்போதெல்லாம் கிணுங்கென்று ஒரு ஒலி தனியாக எழுந்து சுற்றியது. அப்படி ஒரு சத்தம் அதற்குள் இருந்ததை மாமாவே எதிர்பார்க்கவில்லை. வாசித்துக்கொண்டே சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் கூடினார்கள்.

விலையைப் பற்றிப் பேச்சு நீளவேயில்லை. கொழும்புக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தோலின் நடுவில் இருந்த பொட்டையும் சாமி படத்தையும் பார்த்தார். மாமா கேட்டதற்கே தலையசைத்தார். அம்மா ஈரத்துணி கொண்டுவந்தபோது, "பொட்டை அழிக்கவேண்டாம் அக்கா, இருக்கட்டும்," என்று கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டார். போகும்போது மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமாவைக் கடைசிவரை "நீங்கள்" என்றே கூப்பிட்டார். கங்காணி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கார் போனதும் கங்காணி கேட்டார். "அப்ப இனிமே தட்டுறதுக்கு ஒண்ணுமில்ல?"

"ஆட்டோ எடுக்கப்போறேன் ஐயா," என்றார் மாமா.

"இனிமே ஹோர்னத் தட்டுவாருப்பா," என்றாள் மகள் நிலையடியிலிருந்து.

கங்காணி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி வருகிறவர்கள் முதலில் என் பையைத்தான் பார்ப்பார்கள் என்பதில் சந்தோஷம்தான். ஆனாலும் அந்தக் கிணுங் இன்னும் ஒருமுறை கேட்டால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"வருஷா வருஷம் என் புத்தகமும் உங்க கத்தியும் கூடையுந்தானே வைப்பீங்க. இந்த வருஷம் ஏம்மா பேஞ்சோவ வச்சீங்க?" என்று கேட்டேன்.

"இந்த வருஷந்தானே அதுக்கு நேரம் வந்திச்சு," என்று சொல்லிவிட்டு, அம்மா கடலைச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். கங்காணிக்கும் மகளுக்கும் கேட்காமலே இரண்டாம் தடவை அள்ளிப் போட்டார். சட்டியின் அடி தெரிந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படி அள்ளிக் கொடுக்க இவர்கள் என்ன நம்ம வீட்டு ஆட்களா என்று நினைத்தேன்.