தாங்கியின் மேல் என் மகள்

உப்புக் காற்று என் மோட்டார் சைக்கிளின் பழைய பெற்றோல் தாங்கியைத் தின்றுவிட்டது. புதிய தாங்கி பூட்டி மூன்று கிழமை இருக்கும். மகளுக்கு அப்போது ஆறு வயது. பின்னால் இருந்தால் நித்திரையாகி விழுந்துவிடுவாள் என்று அவளைத் தாங்கியின் மேல்தான் இருத்துவேன். மன்னாரில் பாதித் தகப்பன்மார் அப்படித்தான் பிள்ளைகளை ஏற்றிப் போகிறார்கள்.

பெற்றோல் மணக்கிறது என்று அவள் அந்த மூன்று கிழமையும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடலுக்குப் போகிறவன் வீட்டில் எண்ணெய் மணக்காமல் மல்லிகையா மணக்கும்? படகு எஞ்சினோடு மாரடித்து என் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. என் உடம்பில்தான் மணக்கிறது, வாயை மூடிக்கொண்டு இரு என்று அதட்டிவிட்டேன்.

அன்று அடம்பனில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கடலைக் கடக்கும் தாம்போதிப் பாதையின் நடுவில் போன் அடித்தது. எஞ்சினை நிறுத்தாமலே ஓரமாக நின்று எடுத்தேன். தாங்கி பூட்டிய கடைக்காரர்.

"தம்பி, எங்க நிக்கிறீங்கள்? அந்தத் தாங்கியளைக் கம்பனி திருப்பி எடுக்குது. அடி ஒட்டுப் பிரியுதாம். ஓடாதேங்கோ, தள்ளிக்கொண்டு வாங்கோ."

திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். பிள்ளையைத் தூக்கினேன். சட்டை விளிம்பு ஈரமாக இருந்தது, தொடை சிவந்திருந்தது. குனிந்து பார்த்தால், தாங்கியின் அடியில் கசிந்த பெற்றோல் சூடான எஞ்சின் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு பக்கமும் தண்ணீர். எவ்வளவு தூரம் ஓடினால் போதும் என்றும் தெரியவில்லை.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பிறகு டவுனை நோக்கித் தள்ளினேன். அவளைக் கொஞ்சத் தூரம் விட்டுப் பின்னால் நடக்கவைத்தேன். பக்கத்தில் வந்தால் நெருப்புக்குப் பயம், தூரத்தில் நடந்தால் லொறிக்குப் பயம். பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். பீடியோடு சைக்கிளில் வந்த ஒருவர் உதவிக்கு இறங்கப் பார்த்தார். கிட்ட வராதேங்கோ என்று நான் கத்திய கத்தலில் மனுசன் பயந்து போய்விட்டார்.

கடைக்காரர் குந்தியிருந்து தாங்கியின் அடியைப் பார்த்தார். பிறகு மகளின் சட்டையைப் பார்த்தார்.

"இவ்வளவு ஒழுகியிருக்கு. உங்களுக்கு மணக்கேல்லையோ?"

மகள் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். தாம்போதியில் பட்ட பயத்துக்கு அது குறைந்ததல்ல. அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாக்குத் தடிமன், மூக்கடைப்பு," என்றாள்.

எனக்கு ஒரு தடிமனும் இருக்கவில்லை.